பிரதேச சபையாற்றுப்படை: நெய்தற்கரையில் ஒரு மின்குமிழ் பற்றிய ஆராய்ச்சி

புத்தளத்தைப் பற்றி எழுதப்படும் எந்த ஆய்வும் இப்னு பதூதாவில் தொடங்கவேண்டும் என்பது எழுதப்படாத விதி. பொருள் உப்பளமானாலும் சரி, இறால் பண்ணையானாலும் சரி, வடிகான் மூடியானாலும் சரி, 1344 இல் அந்த மொரோக்கோ யாத்திரிகர் கரையில் கால் வைத்தாக வேண்டும். வைக்காத கட்டுரையை எந்த ஆய்விதழும் தொடாது. ஆகவே அவர் இறங்கட்டும். அவர் 'பத்தாலா' என்று குறித்த ஊர் புத்தளமே என்பது பெரும்பாலோர் துணிபு. அங்கே ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டு, பாவா ஆதம் மலைக்குப் போகவேண்டும் என்ற தம் கோரிக்கையை முன்வைத்தார். மன்னர் மலையைப் பெயர்த்துக்கொண்டுவந்து கொடுக்கவில்லை. பல்லக்கும் துணைக்கு ஆளும் கொடுத்து அந்தப் பக்கமாக அனுப்பிவைத்தார். நமக்குக் கிடைக்கும் சான்றுகளுள், இக்கரையில் ஒரு தனிமனிதரின் கோரிக்கை வேறோர் இடத்துக்கு ஆற்றுப்படுத்தப்பட்ட முதல் நிகழ்வு இதுவே என்க. இந்தப் பகுதியை முத்துக்கும் கடல் வாணிகத்துக்கும் சான்றாக எடுத்தாண்டே பலர் பேராசிரியர் ஆகியிருக்கிறார்கள். உள்ளூராட்சி வரலாற்றுக்கு இதுதான் மூலச்சான்று என்பதை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. அக்குறையை நீக்கவே இக்கட்டுரை எழுந்தது.

"பிரதேச சபை ஒன்றும் செய்யுறதில்ல" என்பது இக்கரையில் தேத்தண்ணிக் கடைக்குத் தேத்தண்ணிக் கடை கேட்கும் கூற்று (பஸ் தரிப்பிடத்துக்கு எதிர்க்கடை, முதல் மேசை). இக்கூற்று பிழை. சபை செய்கிறது, செய்வதை வாசிக்க நமக்குத் தெரியவில்லை. அருகிவிட்டதென்று இலக்கிய வரலாறுகள் கைகழுவிவிட்ட ஒரு செய்யுள் வகையை, கிழமையில் ஐந்து நாள், காலை எட்டரை முதல் மாலை நாலேகால் வரை, பகற்சாப்பாட்டுக்கு மட்டும் நிறுத்தி, இடையறாது வளர்த்துவருகிறது. அந்த வகை ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் சரிபாதி, ஐந்து பாட்டு, ஆற்றுப்படைதான். வறுமையோடு எதிரே வருகிறான் ஒரு பாணன். பரிசில் பெற்றுத் திரும்புகிறவன் அவனை மறித்து, இன்ன வழியால் போ, இன்னாரைப் பார், இன்னது கிடைக்கும் என்று சொல்லி அனுப்புகிறான். இனி, கையில் விண்ணப்பத்தோடு ஒருவர் கருமபீடத்துக்கு வருகிறார். உள்ளே இருப்பவர் தலையை நிமிர்த்தி, "இது எங்கட வேல இல்ல, மின்சார சபைக்குப் போங்க" என்கிறார். யாப்பு நெகிழ்ந்திருக்கிறது, இலக்கணம் நெகிழவில்லை.

நிலத்தையும் பார்க்கவேண்டும். வண்ணாத்திவில்லு, புத்தளம், கற்பிட்டி, ஆராச்சிக்கட்டுவ, சிலாபம், நாத்தாண்டி, வென்னப்புவ என்று மாவட்டத்தின் மேற்கு ஓரமாக இறங்கிவரும் பிரதேச சபைகள் யாவும் நெய்தல் நிலத்தன. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். மலைநாட்டுச் சபைக்கு எழுதினால் அது முறைப்பாடு. இங்கே எழுதினால் அது அகத்துறை. மழை பெய்தால் எங்கள் ஒழுங்கையில் முழங்காலளவு தண்ணீர் என்று தொடங்கும் கடதாசியை நிதானமாகப் படித்துப் பாருங்கள். தலைவி இருக்கிறாள், நீர் இருக்கிறது, வருவதாகச் சொல்லி வராத ஒருவர் இருக்கிறார், காத்திருந்த நாள்களின் கணக்கு இருக்கிறது. ஆறுதல் சொல்லத் தோழி மட்டும் இல்லை. அவளுடைய இடத்தில் 'பிரதி: மாவட்டச் செயலாளர்' என்று இருக்கும். ஏனைய திணைகளை விரிவஞ்சிச் சுருக்குவாம். புணர்தல், தனிப்பெரும்பான்மை இல்லாத சபையில் தவிசாளர் தெரிவன்று நிகழும். ஊடல், பாதீட்டு வாக்கெடுப்பன்று. பிரிதல், உத்தியோகத்தர் இடமாற்றம். முல்லைக்குரிய இருத்தல் மட்டும் பெரிய விடயம். அதற்கு வாங்கு வேண்டும்.

வாங்கு போர்த்துக்கேயரிடமிருந்து வந்த சொல். பழைய ஆவணங்களைப் பூட்டிவைக்கும் அலுமாரியும் அவர்களிடமிருந்து வந்ததே. கந்தோர் ஒல்லாந்தரிடமிருந்து வந்தது. பைல் ஆங்கிலம். ஆக, நம்மை இருக்கவைத்தவர்கள் போர்த்துக்கேயர், இருக்க இடம் கொடுத்தவர்கள் ஒல்லாந்தர், எதற்காக இருக்கிறோம் என்பதை மறக்கவைத்தவர்கள் ஆங்கிலேயர் என்னும் முப்பெருங் காலப்பகுப்பு இச்சொற்களாலேயே நிறுவப்படும். ஒல்லாந்தர் 1667 இல் கட்டத் தொடங்கிய கோட்டை கற்பிட்டியில் இன்னும் நிற்கிறது என்பதை ஐயமுள்ளோர் நேரில் கண்டு தெளிக. அப்படியானால் சபையில் தமிழ்ச்சொல்லே இல்லையா என்பாருக்கு, உண்டு என்று விடை பகர்வாம். தவிசு என்றால் இருக்கை. அதை உடையவர் தவிசாளர். மன்றத்தில் தூய தமிழில் அமர்பவர் அவர் ஒருவரே. வெளியே காத்திருப்போர் எல்லோரும் போர்த்துக்கேயத்தில் அமர்ந்திருக்கிறார்கள்.

இனி மின்குமிழ். தெருவிளக்கு இருவகைப்படும்: இரவில் எரியாதன, பகலில் எரிவன. இரவில் எரிந்து விடிந்ததும் அணைவனவும் உள, அவை முறைப்பாட்டுப் பதிவேட்டில் இடம்பெறாமையின் மாதிரித் தெரிவில் அடங்கவில்லை (சமூகவியல் ஆய்வுகள் பலவும் இம்முறையையே பின்பற்றுகின்றன, நமக்கு மட்டும் என்ன வந்தது?). ஒரு குமிழ் அணைந்ததும் எழும் முதல் வினா, எப்போது எரியும் என்பதன்று, யாருடையது என்பதே. கம்பம் இலங்கை மின்சார சபையினது. கம்பத்தில் தொங்கும் விளக்கு உள்ளூராட்சி மன்றத்தின் பொறுப்பு. கம்பத்தின் காலடியில் கிடக்கும் வீதி ஏ அல்லது பி வகுப்பாக இருந்தால் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியது, சீ அல்லது டீ ஆனால் மாகாணத்துக்கு, இவற்றுள் ஒன்றும் ஆகாத ஒழுங்கை என்றால் பிரதேச சபைக்கு. எனவே இருட்டில் கம்பத்தைக் கட்டிப்பிடித்து நிற்கும் ஒருவர் தலைக்கு மேல் ஓர் அதிகாரத்தையும், கைக்குள் இன்னொன்றையும், காலின் கீழ் மூன்றாவதையும் கொண்டு நிற்கிறார். அவரை இடறவைத்த குழி எந்த அமைச்சின் கீழ் வரும் என்பது குழியின் ஆழத்தைப் பொறுத்ததன்று; வீதியின் எழுத்தைப் பொறுத்தது. இவ்வளவும் நடப்பது எங்கே? 2011 இல் முதல் அலகும் 2014 அளவில் மற்ற இரண்டும் இயங்கத் தொடங்கி, 900 மெகாவாற் மின்சாரத்தை நாட்டுக்கு அனுப்புகிற நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையம் இருக்கும் அதே குடாநாட்டில். மின்சாரமும் ஆற்றுப்படுத்தப்படுகிறது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? (இது பற்றிய மாற்றுக் கருத்துக்கு: அறிவித்தற்பலகை, கீழிருந்து மூன்றாம் குண்டூசி, துருப்பிடித்த பாடம்.)

கற்பிட்டியில் 1807 இல் பிறந்த சைமன் காசிச் செட்டி, இலங்கையின் ஊர், ஆறு, மலை எல்லாவற்றையும் அகரவரிசையில் அடக்கிய சிலோன் கசற்றியரை 1834 இல், தம் 27 ஆவது வயதில் வெளியிட்டார். அவரைப் பற்றி ஆய்வரங்கு கூட்டுவோரிற் பலர் அந்த வயதில் ஆய்வுத் தலைப்பையே பதிவுசெய்து முடித்திருப்பதில்லை. அவர் இன்று இருந்தால் அகரவரிசைப்படுத்த வேண்டியது ஊர்களை அல்ல, திணைக்களங்களை. குழாய்நீர் என்றால் நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை. பெயரில் வடிகால் இருக்கிறதே என்று மழைத்தண்ணீர் வடிகானைக் கொண்டு அங்கே போகக்கூடாது. களப்பில் வலை என்றால் கடற்றொழில் திணைக்களம். சாம்பல் தூசி என்றால் மத்திய சுற்றாடல் அதிகார சபை. கடற்கரை என்றால், 1981 இன் 57 ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டப்படி, உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரைக்கும் தனித் திணைக்களம் ஒன்றின் கண்காணிப்பு. முந்நூறாவது மீற்றரில் மணலின் நிறம் மாறுவதில்லை; மனு போகும் முகவரி மாறும். குப்பை என்றால் பிரதேச சபை என்று அடித்துச் சொல்லலாம். அந்த உறுதியையும் கொழும்பு குலைத்தது. 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து உயிர்கள் போன பின், தலைநகரின் குப்பையைச் சுமார் 170 கிலோமீற்றர் கடந்து இம்மாவட்டத்தின் அருவக்காட்டுக்குக் கொண்டுவரும் திட்டம் வேகம் பிடித்தது. புத்தளத்தில் சனங்கள் தெருவில் இறங்கினார்கள். வழி சொல்லப்பட்டு, வாகனமும் ஏற்பாடாகி, சேரவேண்டிய இடத்துக்குச் சேர்ந்த ஒரே ஆற்றுப்படை இதுதான். இதைக் குப்பையாற்றுப்படை என வழங்குதும். ஊர்க்காரருக்கு இதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

இவ்வளவும் கழுதைக்கு முன்னுரை. புத்தளத்திலும் கற்பிட்டிக் குடாநாட்டிலும் கழுதைகள் ஆளில்லாமல் அலைகின்றன. அராபிய வணிகர் பொதி சுமக்கக் கொண்டுவந்தவற்றின் வழித்தோன்றல்கள் என்று ஒரு கதை உண்டு. இக்கரையில் எதற்கு விளக்கம் கிடைக்காவிட்டாலும் அராபிய வணிகரே பொறுப்பேற்பர். நெய்தலின் விலங்குகளாகச் சுறாவையும் உமண்பகட்டையும் சொன்ன உரைகாரர்கள் கழுதையைச் சொல்லாமல் விட்டது ஆராயத்தக்கது. ஆனால் மிளகுப்பொதி சுமந்த கழுதைக் கூட்டம், சுங்கம் வாங்கும் பெருவழியில் போவதைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. கழுதை, பெருவழி, வரி அறவீடு ஆகிய மூன்றும் ஓர் ஆற்றுப்படை நூலிலேயே ஒருங்கே வருவதைத் தற்செயல் என்று தள்ளிவிடுவோருடன் நமக்குப் பேச்சில்லை. அன்று வீதியில் போன கழுதையால் அரசுக்கு வருமானம் வந்தது. இன்று வீதியில் படுத்திருக்கும் கழுதையால் வருவது முறைப்பாடு மட்டுமே. நடுவே நிகழ்ந்த வீழ்ச்சியை விளக்க ஒரு சொல்லைப் பிரித்துப் பார்க்கவேண்டும். அது 'கட்டாக்காலி'.

கட்டாக்காலி என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத் தொடர். 'கட்டா' என்பது கட்டாத என்பதன் கடைக்குறை. 'காலி' என்பது ஆநிரையைக் குறிக்கும் பழஞ்சொல். கயிற்றில் கட்டாத மாடு என்று சபை அமர்வுகளில் பொருள் கொள்வர். இது மேலோட்டமான உரை. கட்டுதல் என்பதற்குப் பிணைத்தல், கட்டடம் எழுப்புதல், பணம் செலுத்துதல் என முப்பொருள் உண்டு. காலி என்பதற்கும் ஆநிரை, வெற்றிடம், தென்மாகாணத் தலைநகர் என முப்பொருள் உண்டு. மும்மூன்று ஒன்பது. ஒன்பதையும் விளக்க இடம் போதாது என்று சொல்லி மூன்றை மட்டும் விளக்கி, எஞ்சிய ஆறையும் வேறோர் ஆய்விதழுக்கு அனுப்பிப் பதவி உயர்வுப் புள்ளி சேர்ப்பதே முறை. அம்முறைக்கு நாமும் அடங்கி நடப்போம். முதலாவது, பணம் செலுத்தாத ஆநிரை. ஆதனவரி நிலுவைப் பட்டியலோடு இதை ஒப்பிடுக (வரவுப் பதிவேடு, மழை ஒழுக்குப் பிரதி, 14 ஆம் தாளின் பின்புறம், தேத்தண்ணிக் கோப்பை வட்டத்துக்கு உள்ளே, வட்டத்துக்கு வெளியே இருப்பது பிற்காலக் கை. கறையான் பிரதியில் இப்பகுதி இல்லை. கறையானே பிரதியைவிடப் பழையது என்பாரும் உளர். ஒப்புநோக்குக: அதே அலுமாரி, இரண்டாந் தட்டு, பூட்டிய பக்கம். திறப்பை வைத்திருப்பவர் மருத்துவ விடுமுறையில்).

இரண்டாவது, கட்டப்படாத காலி நகர். காலியில் போர்த்துக்கேயர் கோட்டை கட்டியது 1588 இல் என்பர். ஆகவே 'கட்டாக் காலி' என்ற தொடர் அதற்கு முந்தியதாதல் வேண்டும். ஆகவே புத்தளத்துக் கழுதைகளும் 1588 க்கு முந்தியவை. ஆகவே கற்பிட்டிக் கோட்டைக்கும் மூத்தவை. ஆகவே வீதியில் படுப்பதற்குச் சபையைவிட அவற்றுக்கே முதுரிமை. ஒரு சொல்லின் ஓசையைப் பிடித்துக்கொண்டு ஓர் இனத்தின் பூர்வீகத்தைத் தீர்மானிப்பது முறையோ என்று கேட்கக்கூடாது. இத்தீவில் இதைவிட மெல்லிய சான்றுகளால் தடித்த நூல்கள் எழுதப்பட்டிருக்கின்றன, இரு மொழியிலும்.

மூன்றாவது பொருள் மிகவும் நுட்பமானது: எவரையும் இருத்திக் கட்டாத வெற்றிருக்கை. 2018 பெப்ரவரியில் தெரிவான உள்ளூராட்சி மன்றங்களின் காலம், ஓராண்டு நீட்டிப்பும் சேர்த்து, 2023 மார்ச்சில் முடிந்தது. தேர்தல் 2023 மார்ச் 9 என்றார்கள். திறைசேரியில் காசில்லை என்றானது. ஏப்ரல் 25 என்றார்கள், அதுவும் போயிற்று. 2024 ஓகஸ்டில், தேர்தலை நடத்தாமை அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் தீர்த்தது. கடைசியில் வாக்களித்தது 2025 மே 6 இல். இடைப்பட்ட இரண்டாண்டுக்கு மேல் சபைகளில் உறுப்பினர் இல்லை; செயலாளர்களும் ஆணையாளர்களுமே நடத்தினார்கள். தனி ஒருவரை ஒரு கந்தோரிலிருந்து இன்னொரு கந்தோருக்கு அனுப்புவதை வாங்கில் இருந்து பார்த்திருக்கிறோம். நாட்டின் வாக்காளர் அனைவரையும் ஒரு திகதியிலிருந்து இன்னொரு திகதிக்கு ஆற்றுப்படுத்தியது இலக்கிய வரலாற்றில் இதுவே பெரிது. ஆயினும் பல்கலைக்கழகத் தமிழ்த்துறை எதுவும் இதைப் பாடத்திட்டத்தில் சேர்த்ததாகத் தெரியவில்லை. அந்த இரண்டாண்டிலும் மண்டபத்து நாற்காலிகள் கட்டாக் காலியாக இருந்தன. வெளியே கட்டாக்காலி வழமைபோல வீதியில் இருந்தது. எது சபை, எது வீதி என்று தெருவிளக்கில்லாத இரவில் பிரித்தறிவது கடினம்.

இனித் தடைகளுக்கு விடை. ஆற்றுப்படுத்துபவன் தானே பரிசில் பெற்றவனாக இருக்கவேண்டும். கருமபீடத்தில் இருப்பவர் அப்படிப்பட்டவரா என்பர் சிலர். மாதாமாதம் அவர் சம்பளம் பெறுகிறார், விதி பொருந்துகிறது. சிறுபாணாற்றுப்படையில் நெய்தல் நிலத்துப் பட்டினத்தில் கள்ளும் சுட்ட மீனும் கிடைக்கும் என்று ஆசை காட்டி அனுப்புகிறார்களே, இங்கே ஒரு பிளேன்ரிகூட இல்லையே என்பர் வேறு சிலர். இது உண்மையான குறை, மறுக்கவில்லை. ஆற்றுப்படையின் முடிவில் ஒரு வள்ளல் இருப்பான், இங்கே யார் இருக்கிறார் என்பது மூன்றாவது தடை, எல்லாவற்றினும் வலியது. மின்சார சபை கம்பத்தை மட்டும் ஏற்றுக்கொண்டு விளக்குக்குப் பிரதேச சபையைக் காட்டும். பிரதேச சபை குமிழ் வாங்கப் பாதீட்டைக் காட்டும். பாதீடு அடுத்த வருடத்தைக் காட்டும். புறப்பட்டவர் புறப்பட்ட கருமபீடத்துக்கே திரும்புகிறார். எனவே வள்ளல் இல்லை என்பது கண்கூடு. ஆனால் கடைசிச் சொல்லே முதற்சொல்லாக வருவதற்குத் தமிழில் பெயர் இருக்கிறது: அந்தாதி. இரு சிற்றிலக்கியங்களை ஒன்றாக்கிய பெருமையைச் சபைக்கு யாரும் கொடுக்கவில்லை.

நான்காவது தடை, இதெல்லாம் வீண் கேலி என்பது. சபை வாசிகசாலை நடத்துகிறது, சந்தையைக் கூட்டுகிறது, மையவாடியைப் பராமரிக்கிறது, குப்பை உழவு இயந்திரத்தை ஒழுங்கைக்குள் அனுப்புகிறது. இவற்றை ஏன் சொல்லவில்லை? சொல்லத்தான் வேண்டும். அவை நடக்கின்றன. நடக்கும்போது ஆராய்ச்சிக்கு இடமில்லை, அதனால் விடுபட்டன. கருமபீடத்தில் இருப்பவர் பொய் சொல்லவில்லை என்பதையும் ஒப்புக்கொள்வாம். "இது எங்கட வேல இல்ல" என்பது பெரும்பாலும் சட்டப்படி உண்மை. கிராமச் சமூகங்கள் கட்டளைச் சட்டம் 1871 இல் வந்தது. அதன் வழியில் வளர்ந்த கிராம சபைகளும் அவற்றோடு பட்டின சபைகளும் 1981 இல் எடுபட்டு, மாவட்ட அபிவிருத்தி சபைகள் வந்தன. அவையும் சரிவராமல் 1987 இன் 15 ஆம் இலக்கச் சட்டத்தால் பிரதேச சபைகள் உண்டாயின. அவற்றுக்கு முதல் தேர்தல் நடந்தது 1991 இல். ஒவ்வொரு முறையும் ஊருக்குக் கிட்ட இருந்த மன்றம் கலைந்தது. ஒவ்வொரு முறையும் நடுவே ஓர் அதிகார சபையோ திணைக்களமோ பிறந்து ஒழுங்கையில் ஒரு துண்டை வெட்டிக்கொண்டது. இப்போது மிச்சத்தை வைத்திருப்பவர் கருமபீடத்தில் இருக்கிறார். அவரிடம் வழி மட்டும் இருக்கிறது, அதைத்தான் கொடுக்கிறார். அவரோடு கோபப்படுவது, பாட்டில் குறை இருக்கிறதென்று ஏட்டோடு கோபப்படுவது போல.

எஞ்சியிருப்பது கழுதை. ஒரு நிலைமையை வைத்துக்கொள்வோம். உயர்நீர்க் கோட்டிலிருந்து சரியாக முந்நூறாவது மீற்றரில், ஒரு கம்பத்தின் கீழ், முன்னங்கால் கரையோரத் திணைக்களத்திலும் பின்னங்கால் மாகாண வீதியிலுமாக அது நிற்கிறது. கட்டாக்காலி மாட்டைச் சபை பிடித்துக் கட்டினால் உரிமையாளர் வந்து தண்டம் செலுத்தி அவிழ்த்துக்கொண்டு போவார். கழுதைக்கு உரிமையாளர் இல்லை; தண்டம் செலுத்த ஆளில்லாததைப் பிடித்தால் தீனிச் செலவு எந்தத் தலைப்பின் கீழ் வரும் என்று கணக்காய்வு கேட்கும். மேலே உள்ள குமிழ் சபையினது, கம்பம் மின்சார சபையினது, மணலும் வீதியும் வேறுவேறு ஆட்களது. கழுதை மட்டும் யாருடையதும் அல்ல. ஆகவே இம்மாவட்டக் கரையில் நிரந்தரமாக வசிப்போருள், எந்தக் கருமபீடத்தாலும் வேறெங்கும் போகும்படி இதுவரை சொல்லப்படாதது அது ஒன்றே. காது இரண்டையும் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு, பகல் பதினொரு மணிக்கு எரியும் விளக்கின் கீழே, அது நிற்கிறது.